நேராக நின்ற பன்னிரண்டு முளைகள்

பாவாயி மாடிப்படி ஏறி வந்ததும் முதலில் செய்த காரியம், அறைக் கதவைச் சாத்தித் திறந்து, மறுபடியும் சாத்திப் பார்த்ததுதான். கதவு சத்தமில்லாமல் நிலையில் போய்ச் சேர்ந்தது. அவள் அழ ஆரம்பித்தாள்.

செம்மேட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த அறை அப்பாசாமியுடையது. நில அளவைத் துறையில் முப்பத்தோரு வருடம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். நகர்ந்துபோன எல்லைக்கல் முதல் ஓடிப்போன மருமகன் வரை, எதைத் தேடுவதென்றாலும் மலைக்காரர்கள் அவரிடம் வந்தார்கள். கீழே கடை நடத்தும் அம்சவேணி, யார் மாடி ஏறினாலும் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே ஏறிவிடுவாள். ஆறு வருடமாக ஒரு கொலைக்காகக் காத்திருக்கிறாள். இதுவரை கிடைத்ததெல்லாம் ஆடுகள்தான்.

"எங்கூட்டுக் கதவு எட்டு நாளா சாத்த மாட்டேங்குதுங்க," என்றாள் பாவாயி. "ஆசாரி ரெண்டு தரம் இழைச்சுட்டாரு. இழைக்க இழைக்க மறுபடி இறுகுது."

"மழையில மரம் ஊறியிருக்கும்," என்றாள் அம்சவேணி, ஏமாற்றத்துடன்.

"பக்கத்து ஊட்டுக் கதவு இரும்புங்க. அதுவும் சாத்தல." பாவாயி குரலைத் தாழ்த்தினாள். "ஊத்துத் தண்ணி மூணு நாளா செங்காவியா வருது. நாய் ஒண்ணுகூட வளவுல படுக்கறதில்ல. காதைத் தரையில வெச்சா, பல்லைக் கடிக்கிற மாதிரி கேக்குது. பசுங்கவசம் ஆபீசுல சொன்னா, 'முளை நேரா நிக்குது, மலை அசையல, உன் மனசுதான் அசையுது'ன்னு சிரிக்கறாங்க. இன்னிக்கு மூணு மணிக்கு விழாங்க. ஊரையே கூட்டி மலைக்கு அடியில பந்தல்ல உக்கார வெக்கப் போறாங்க."

தேவனூர் நாட்டில், பாவாயியின் சிற்றூரான பலாவளவுக்கு மேலே இருந்த சரிவு அது. மரமெல்லாம் வெட்டுப்பட்டு மொட்டையாய்க் கிடந்ததை மீட்டெடுக்க வந்ததுதான் பசுங்கவசம் திட்டம். கம்பி வலையில் கல் அடுக்கினார்கள், தென்னைநார்ப் பாய் விரித்தார்கள், வெட்டிவேரும் சோலை மரக் கன்றுகளும் நட்டார்கள். மண் நகர்கிறதா என்று பார்க்கச் சரிவின் குறுக்கே பன்னிரண்டு இரும்பு முளைகளை அடித்திருந்தார்கள். மண் இறங்கினால் முளையும் சேர்ந்து இறங்கும், வரிசை கோணும்.

அப்பாசாமி சட்டையை மாட்டிக்கொண்டார். "போய்ப் பாத்துடலாம், அம்மிணி."

முதலில் கண்ணில் பட்டது மலை அல்ல, திட்ட இயக்குநர் தனசேகரன். நுழைவாயில் பதாகையில் அவர் மலையை விடப் பெரிதாக இருந்தார். 'மலைகளின் மருத்துவர்' என்று கீழே எழுதியிருந்தது. பந்தலில் இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் பூத்துண்டு விரித்த சோபாக்கள். சென்னையிலிருந்து விருதுக் குழு வந்துகொண்டிருந்தது.

மூவரும் சரிவில் ஏறினார்கள். ஒரு வாரம் விடாமல் பெய்த மழை அன்று காலைதான் ஓய்ந்திருந்தது. பறவை ஒன்றுகூடக் கத்தவில்லை. அம்சவேணி அதைச் சொல்ல வாயெடுத்து, தன் குரலைக் கேட்கவே பயந்து மூடிக்கொண்டாள்.

முளைகள் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றன. அப்பாசாமி ஒன்றின் அருகில் குந்தினார். இரும்பில் பழைய மண்ணின் கறை, தரைக்கு நான்கு விரல் உயரத்தில் வளையமாக இருந்தது. அடுத்த முளையிலும் அப்படியே.

ஏழாவது முளையருகே பாவாயி நின்றுவிட்டாள். ஆள் படுக்கும் அகலத்தில் ஒரு புற்று. அதன் மேல் விளிம்பைத் துளைத்து முளை நின்றது. மஞ்சள் தடவிய பால்கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது.

"எந்தப் பாவிங்க புத்துல இரும்பை இறக்கினது?" அவள் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தாள். "முளை அடிச்சதே நாங்கதான். புத்துக்கு நாலடி கீழ ஒதுக்கி அடிச்சோம். இஞ்சினீரு பொண்ணும் கூட நின்னு சரின்னுச்சு."

"தெய்வக் குத்தம்," என்று முணுமுணுத்தாள் அம்சவேணி. "அதனாலதான் கதவு…"

"அம்சா, உச்சியில என்ன இருக்கு?"

"குளம். புதுசா வெட்டினது. இலை மாதிரி."

அப்பாசாமி எழுந்தார். அவர் முகம் மாறவில்லை. ஆனால் இறங்கும்போது, வந்த வழியில் போகாமல் ஓரத்துப் பாறை வழியாகவே இருவரையும் இறக்கினார்.

பந்தலுக்கு வந்ததும் மூன்று பேரைக் கூப்பிட்டு முன்வரிசை சோபாவில் உட்காரவைத்தார். காவலாளி சென்றாயன், வளவுக்காரர். பொறியாளர் ஹேமலதா. தனசேகரன். "யாரும் வெளியே போகக்கூடாது," என்று அம்சவேணி வாசலை மறித்தாள். பந்தலுக்கு நான்கு பக்கமும் வாசல்தான்.

"முளைகளைப் பிடுங்கித் திரும்ப அடிச்சிருக்காங்க," என்றார் அப்பாசாமி. "மண் இறங்க இறங்க, யாரோ தினமும் வரிசையை நேராக்கியிருக்காங்க."

"அபாண்டம்," என்றார் தனசேகரன். அவருடைய வலது உள்ளங்கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது. பொன்னாடை போர்த்தியபோது ஊசி குத்திவிட்டதாம். "உலகத் தரத்திலான கண்காணிப்பு இது. நீங்கள் யார்?"

"கடப்பாரையைப் பாருங்க," என்று அம்சவேணி சென்றாயனின் கொட்டகையைக் காட்டினாள். "சேறு காயவே இல்ல. இவருதான்."

"அது ஆபீஸ் சாமானுங்க, யாரு வேணா எடுப்பாங்க," என்றார் சென்றாயன். "எட்டு நாளா என்னைப் பந்தலுக்குத்தான் காவல் போட்டிருக்காங்க. மேல போகவே விடல."

"சென்றாயன் அந்தப் புத்துக்குப் பால் ஊத்தறவரு," என்றார் அப்பாசாமி. "உயிர் போனாலும் அதுல இரும்பு இறக்க மாட்டாரு. ஏம்மா, உன் நோட்டுல ஏழாம் முளை எப்படி இருக்கு?"

ஹேமலதா புரட்டினாள். "புற்று, நான்கடி கீழே ஒதுக்கம். நானே எழுதினது. போன மாசம் வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் என்னை அரியூர் நாட்டு வேலைக்கு அனுப்பிட்டாங்க. உச்சியில குளம் வெட்டினா தண்ணி உள்ள இறங்கும்னு மூணு தரம் எழுதிக் கொடுத்தேனுங்க."

"மேலிருந்து படம் எடுத்தால் இலை தெரிய வேண்டாமா?" என்றார் தனசேகரன், தன்னையறியாமல்.

"இவங்க ரெண்டு பேருக்கும் அந்த வரிசை ஏழாம் முளையில கோணல்னு தெரியும். இவங்க யாராவது மாத்தி அடிச்சிருந்தா, அந்தக் கோணலையும் காப்பாத்தியிருப்பாங்க. வரிசை நேர்கோடுன்னு நம்பறவரு, தரையைப் பாக்காம நாமக்கல் ஆபீசுல வரைபடத்தை மட்டும் பாத்தவரு." அப்பாசாமி பக்கத்தில் உட்கார்ந்து தனசேகரனின் கைக்குட்டையை மெல்ல அவிழ்த்தார். உள்ளங்கையில் நான்கு கொப்புளங்கள் இருந்தன. குடையைக்கூட டிரைவரைப் பிடிக்கச் சொல்லும் கை அது.

அம்சவேணி பெருமூச்சு விட்டாள். புதிர் முடிந்தது என்று நினைத்தாள்.

"நீங்க ஏன் செஞ்சீங்கன்னு நான் கேக்கலைங்க," என்றார் அப்பாசாமி. அவர் கண் சரிவின் மேலேயே இருந்தது. "தினமும் எவ்வளவு மேலேத்தி அடிச்சீங்க? அது உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்."

தனசேகரன் பதாகையைப் பார்த்தார். அங்கிருந்த தனசேகரன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"முதல் மூணு நாளு… ஒரு விரல்."

"அப்புறம்?"

"நாலு விரலுங்க." அவருடைய மேடைத் தமிழ் உதிர்ந்துவிட்டிருந்தது. "நேத்து ஒரு சாண்."

"இன்னிக்கு?"

"விடியக்காலம் பாக்கறப்ப… ஒரு முழம்."

அப்பாசாமி எழுந்த வேகத்தில் சோபா பின்னால் சாய்ந்தது. "வளவைக் காலி பண்ணுங்க. சாமானை விடுங்க, ஆளை மட்டும் எடுங்க. எதிர்மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு."

அடுத்த நாற்பது நிமிடம் பலாவளவில் ஓட்டமும் கூப்பாடுமாக இருந்தது. சென்றாயன் நடக்க முடியாத மாதம்மாளை முதுகில் தூக்கினார். ஹேமலதா பின்பக்கத்து வீடுகளைத் தட்டினாள். கடைசிக் குடும்பம் ஓடையைத் தாண்டி எதிர்மேட்டில் ஏறியபோது, உச்சியில் மிஞ்சியிருந்த ஒரு மரம் நின்றபடியே நடந்து வந்தது.

பிறகு சரிவு முழுவதும் வந்தது. சத்தம் பின்னால்தான் கேட்டது. கம்பி வலைகள், கன்றுகள், இலை வடிவக் குளம் எல்லாம் ஒரே சேறாக இறங்கிப் பந்தலை மூடின. மரபு வழுவாமல் முன்வரிசை சோபாக்கள்தான் முதலில் போயின. இருபது வீடுகள் இருந்த இடத்தில் ஓட்டு முனைகள் மட்டும் தெரிந்தன.

பள்ளிக்கூட வாசலில் பாவாயி ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். பலாவளவில் மொத்தம் அறுபத்திரண்டு பேர். எண்ணி முடித்தவள் நின்று, விழித்து, முதலிலிருந்து மறுபடி எண்ணினாள். மறுபடியும் அறுபத்துமூன்று.

அம்சவேணி சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். மூலையில் சேறும் சகதியுமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு, பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தார் தனசேகரன்.

"அவரையும் சேத்து எண்ணிட்டீங்க, அக்கா. கழிச்சுடுங்க."

பாவாயி தலையசைத்து மறுத்தாள்.

"இருக்கட்டும் கண்ணு. போலீசு வந்து கழிச்சுக்கட்டும்."