முதல் கேசட்காரர்கள்

மாடிப்படி ஏறும்போது அவருக்குத் தன் செருப்புச் சத்தம் கேட்டது, மகளின் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. கீழே பல் மருத்துவரின் அறையில் குழாய் சொட்டுவது கேட்டது, தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்புவது கேட்டது, தன் மார்புக்குள் மூச்சு கரகரப்பதுகூடக் கேட்டது. இரண்டு படி பின்னால், தடித்த அடி வைத்த செருப்போடு ஏறி வருகிற இருபத்து நாலு வயதுப் பெண்ணிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. நின்று திரும்பிப் பார்த்தார். அவளும் நின்றாள்.

"என்னப்பா, மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா. வர்றியான்னு பார்த்தேன்."

"வராம எங்க போவேன்? ஏறுங்க."

காதுதான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பத்து வருஷம் ஒரு மெட்டல் இசைக்குழுவின் பாடகராக ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியவருக்குக் காது மிச்சமிருப்பதே பெரிய விஷயம். அப்போது அவருக்கு 'இரும்பு' என்று பெயர். ஊரே அந்தப் பெயரைச் சொல்லிக் கூவிய காலம் ஒன்று இருந்தது. இப்போது ஒரு சரக்குக் கிடங்கில், பின்பக்கமாக வரும் லாரிகளுக்கு "வரட்டும், வரட்டும், நிறுத்து" என்று கத்துகிற வேலை. அந்தக் குரலுக்குக் கடைசியில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

ஆனாலும் காது என்று சொல்லி எல்லாவற்றையும் தள்ளிவிட முடியவில்லை. மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் குரலை நினைத்துப் பார்த்தார். முகம் வந்தது, வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வெறும் டேப் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல் மட்டும் இருந்தது. வயசாகிவிட்டது என்று யாரிடமும் சொல்லாமல் படுத்துவிட்டார்.

மாடி அறையில் கிராம்பு எண்ணெய் வாசனையும் பழைய பிளாஸ்டிக் வாசனையும் கலந்து கிடந்தன. மதியம் மூன்று மணிக்கே திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். ஆறு பேர். எல்லாரும் கறுப்புப் பனியன். இருபது வயதில் வாங்கிய அளவையே விடாமல் போட்டிருந்ததால், தொப்பைகளின் மேல் மண்டை ஓட்டுப் படங்கள் இரண்டு பங்கு விரிந்து சிரித்தன. சுவர் முழுக்க ஒரே வருஷத்தின் படங்கள். முதல் கேசட் வந்த வருஷம். நீள முடியும் எலும்பு முகமுமாக, இருபத்தோரு வயது இரும்பு ஆறு சுவரொட்டிகளில் வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

"வாங்கண்ணே," என்றார் பல் மருத்துவர். வீடு அவருடையது, இந்த ரசிகர் கூட்டத்துக்கும் அவர்தான் தலைவர். "கொண்டு வந்தீங்களா?"

அவர் சட்டைப் பையிலிருந்து கேசட்டை எடுத்துக் கொடுத்தார். அவருடைய இசைக்குழுவின் ஐந்தாவது கேசட், கடைசி கேசட். கொடுத்தபோது ஆறு பேரும் ஒன்றாக மூச்சு விட்டது கேட்டது.

இவர்களுக்கு ஒரு கொள்கை உண்டு. முதல் கேசட்டோடு குழு செத்துவிட்டது, அதற்குப் பிறகு வந்ததெல்லாம் துரோகம். மற்ற ரசிகர்கள் இதை டீக்கடையில் சொல்லிப் புலம்பிவிட்டுப் போவார்கள். இவர்கள் காரியத்தில் இறங்கியவர்கள். பழைய கடைகளிலும் தெரிந்தவர் வீட்டுப் பரண்களிலும் தேடித் தேடி மற்ற நான்கு கேசட்டுகளையும் சேர்த்தார்கள். யாரும் மேலே பதிந்து அழிக்காமல் இருக்கக் கம்பெனியிலேயே மேல் விளிம்பில் உடைத்துவிட்ட ஓட்டைகளில் காகிதத்தை மடித்துத் திணித்தார்கள். அதன் மேல் முதல் கேசட்டைப் பதிந்தார்கள். இருபது வருஷ உழைப்பு. கம்பெனி மூடி, மூல டேப்புகள் மழையில் ஊறி நாசமாகிப் பல காலம் ஆனதால், இவர்கள் அழித்தது அழிந்ததுதான். போன ஞாயிறு நாலாவது கேசட்டின் கடைசிப் பிரதியை முடித்தார்களாம். ஐந்தாவதில் இனி உலகத்தில் மிச்சம் இது ஒன்றுதான்.

இதையெல்லாம் மருத்துவர் போனில் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ கூச்சம் கலந்த சந்தோஷம். இருபது வருஷமாக யாரும் அவரைத் தேடியதில்லை.

"சுத்தம் பண்றோம்ணே," என்று மருத்துவர் ஓட்டைகளில் காகிதத்தை அழுத்தினார். "இன்னையோட முடிஞ்சுது."

"அழிக்கப் போறீங்களா?" மகள் எழுந்துவிட்டாள். "கேக்கறதுக்குத்தான்னு அப்பா சொன்னாரே. அப்பா, அதுல நான் இருக்கேன்."

இருந்தாள். அவள் பிறந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன ரெக்கார்டரை வைத்து அவர் பிடித்த அழுகை. முதல் பாட்டு அதில்தான் தொடங்கும்.

"அதான் தங்கச்சி பிரச்சினையே," என்றார் மருத்துவர் பொறுமையாக. "மெட்டல் பாட்டுல குழந்தை அழலாமா? அண்ணனே சொல்லட்டும்."

ஆறு முகங்கள் அவரைப் பார்த்தன. அத்தனை ஆசையோடு அவரை யாரும் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

"விடும்மா, பழைய கேசட்தானே," என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு சும்மா இருக்கவில்லை. "முதல் கேசட்டுக்கு அப்புறம் வந்ததெல்லாம் வீண்தான்."

கைதட்டினார்கள். மகள் அவரையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்களே போடுங்கண்ணே."

இரட்டை கேசட் டெக்கில் ஒரு பக்கம் முதல் கேசட்டும் மறுபக்கம் ஐந்தாவதும் இருந்தன. பதிய, சிவப்புப் பொத்தானையும் அதன் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். அழுத்தினார்.

டேப் இரைச்சலுக்குப் பின்னாலிருந்து கிட்டார் உறுமி எழுந்தது, ஒரே அறையில் ஒரே மைக்கை நடுவில் வைத்துப் பிடித்த அந்த மட்டமான, அழுக்கான, அற்புதமான சத்தம், அதற்கு மேல் அவர் குரல், இருபத்தோரு வயதுக் குரல், லாரிகளையும் தூசியையும் இருமலையும் அறியாத குரல். தரை அதிர்ந்தது. ஆறு பேரும் தலையை ஆட்டத் தொடங்கினார்கள், வழுக்கைகளும் நரைகளும் ஒரே தாளத்தில் மேலும் கீழும். அவர் கண் கலங்கியது. எவ்வளவு நன்றாக இருந்தேன் என்று நினைத்தார்.

மகள் ஏதோ சொன்னாள்.

சத்தத்தில் கேட்கவில்லை என்று காதை அவள் பக்கம் கொண்டுபோனார். இரண்டு பாட்டுகளுக்கு நடுவே அறை அமைதியான அந்த மூன்று விநாடியில், அவள் வாய் அவர் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் அசைந்தது. அதிலிருந்து இரைச்சல் வந்தது. மெல்லிய, சீரான, டேப் இரைச்சல்.

மனைவியின் வாய் நினைவுக்கு வந்தது. போன ஞாயிறு. நாலாவது கேசட். கல்யாணமான வருஷம் பதிந்தது நாலாவது.

"நிறுத்துங்க," என்றார்.

"பாதியில நிறுத்தினா டேப் சிக்கிக்கும்ணே."

"நிறுத்துங்கய்யா!" மருத்துவரைத் தள்ளிவிட்டு டெக்கின் மேல் கையை வைத்தார். விரல் பொத்தானைத் தொட்டது. அழுத்தினால் போதும். யாரும் அவரைப் பிடிக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை.

மூன்றாவது பாட்டு தொடங்கியது.

அவருடைய பாட்டு. அந்தக் கத்தலுக்காகத்தான் ஊரே கூவியது. இதோ வரப்போகிறது. இன்னும் கொஞ்சம். இந்தப் பாட்டு முடியட்டும், முடிந்ததும் அழுத்திவிடலாம். ஒரே ஒரு பாட்டு.

கத்தல் வந்தது.

அவரும் கத்தினார். இருமல் வரவில்லை. தொண்டை கிழியவில்லை. முழங்கால் வலி எங்கே போயிற்று? முதுகு நிமிர்ந்தது. நெற்றியில் முடி விழுந்தது. ஒதுக்கிவிட்டார்.

எதற்காகவோ பொத்தான் மேல் விரலை வைத்திருந்தார். எதற்கு?

யாரையோ பற்றி. சின்னக் கை. காய்ச்சல். ஆஸ்பத்திரி. யாருடைய கை?

தெரியவில்லை.

விரலை எடுத்துவிட்டான்.

நல்ல கூட்டம். சின்ன அறைதான், ஆனாலும் அத்தனை பேரும் அவனுக்காக வந்தவர்கள். வியர்வை வாசனை. ஸ்பீக்கர் சூடு. எல்லாம் இப்போதுதான் தொடங்குகிறது. ஒரு பெண் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நகம் பதியப் பிடித்திருந்தாள். முகமெல்லாம் கண்ணீர். ரசிகை. முதன்முதலாக ஒரு பெண் ரசிகை, அதுவும் இப்படி அழுகிற ரசிகை. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

யாரோ பேனாவையும் கேசட் உறைக் காகிதத்தையும் கையில் கொடுத்தார்கள்.

"யார் பேருக்கு எழுதட்டும்?"

அவள் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. மறுபடி ஒட்டிப் பிரிந்தன. ஒரே சொல், திரும்பத் திரும்ப.

"கேக்கலைங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

அவள் கழுத்து நரம்புகள் புடைக்க வாயைத் திறந்தாள். அவள் விரல்கள் அவன் மணிக்கட்டில் வெளிறிக்கொண்டே வந்தன, பின்னால் இருந்த சுவரொட்டி அவற்றின் வழியாகத் தெரிந்தது. அவன் பேனா முனையைக் காகிதத்தில் வைத்து, தலையைச் சாய்த்து, சிரித்த முகத்தோடு அவள் பெயருக்காகக் காத்திருந்தான்.