மூச்சுக்கட்டணம்

"வெளியாளுங்க மூச்சுக்கட்டணம் கட்டிட்டுத்தான் உள்ள வரணும்மா. காத்து என்ன சும்மாவா கிடைக்குது?" என்றார் நுழைவதிகாரி இசக்கிராஜ்.

செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறந்தது இதே நிலாவில், இதே வெண்ணிலக் குடியரசில். பத்து வயதில் பூமிக்குப் படிக்கப் போனவள், அங்கேயும் குடியுரிமை வாங்கினாள், அவ்வளவுதான். இரட்டைக் குடியுரிமைக்காரர்கள் வெண்ணிலக் கடவுச்சீட்டைக் காட்டினால் காற்று இலவசம். அவளுடையதோ காலாவதி. பூமிச் சீட்டில் வந்தால் வெளியாள். அந்தக் கட்டணத்துக்கு ஒரு வீடே வாங்கலாம். கட்டாவிட்டால் வந்த கப்பலிலேயே திரும்ப வேண்டியதுதான். உள்ளே தம்பிக்குக் கல்யாணம். தாலியில் முதல் முடிச்சை அவன் போட்டதும் மீதி இரண்டையும் போட நாத்தனார் இவள் ஒருத்திதான்.

"நான் இங்க பொறந்தவ சார்!"

"சொன்னா ஆச்சா? பல்லறிவான் சொல்லட்டும்."

சிறு வயதில் குடித்த தண்ணீர் பல்லில் பதிந்துவிடும், சாகும்வரை மாறாது. வெண்ணிலத்தார் குடிப்பது மறுபடி மறுபடி வடித்த நீர். அதன் தடமே தனி. அதைப் படித்து நுழைவுக் கதவுக்குச் சொல்லும் கருவிதான் பல்லறிவான். அவள் முன்பல்லில் வைத்தார். 'வெளியாள்' என்றது.

"அய்யோ, அது கட்டின பல்லு சார்! கடைவாயில வைங்க!"

ஆவென்று வாயைப் பிளந்தாள். சொத்தை விழுந்து, மருத்துவர் பிடுங்கச் சொல்லி நச்சரித்த பல். இவளுடைய பயந்தாங்கொள்ளித்தனத்தால் பிழைத்திருந்தது.

'மண்ணின் மகள். வருக!'

வரிசையே கைதட்டியது. சந்தோஷம் தாங்காமல் துள்ளினாள். நிலாவின் ஈர்ப்பில் கூரையைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

இசக்கிராஜுக்கு முகம் சுருங்கிப்போனது. "மிஷின்ல ஏதோ கோளாறு, இருங்க" என்று தன் பல்லிலேயே வைத்துப் பார்த்தார். அதுவரை எந்த அதிகாரியின் வாய்க்குள்ளும் அது போனதில்லை.

'வெளியாள். கட்டணம் செலுத்துக.'

"ஏய், நான் இங்கயே பொறந்து வளந்தவன்!"

"சின்ன வயசுல என்ன தண்ணி சார் குடிச்சீங்க?" என்றாள் செண்பகவல்லி.

"எங்கப்பா பெரிய அதிகாரிம்மா. வடிச்ச தண்ணியெல்லாம் எங்க வீட்டு வாசப்படி ஏறாது. பூமியிலேர்ந்து புட்டி புட்டியா..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் காத்திருக்கவில்லை, ஓடினாள். இரண்டு முடிச்சையும் அவிழ்க்கவே முடியாதபடி இறுக்கிப் போட்டாள். பாவம், மனுஷன் பந்தியில் உட்காரட்டுமே என்று இசக்கிராஜை அழைத்துவர ஆளனுப்பினாள். போனவர் தனியாகத் திரும்பினார். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய அதிகாரியிடம் கதவு மூச்சுக்கட்டண ரசீது கேட்டுக்கொண்டிருக்கிறதாம்.