இரண்டு கைப்பிடி

விடிந்ததிலிருந்து கோடரிச் சத்தம் ஓயவில்லை. ஒவ்வொரு அடிக்கும் சமையலறை அலமாரியில் தட்டுகள் குலுங்கின. வெளியே புருஷன் விறகு பிளக்கவில்லை, மனசுக்குள் யாரையோ வெட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அந்த யாரோ தான்தான் என்பதும் தெரியும்.

வீட்டை ஒட்டியே அவர்களுடைய விறகு மண்டி. மாமனார் வைத்துவிட்டுப் போனதை புருஷனும் அவன் தம்பியுமாக நடத்திக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் செங்கல் சூளைக்கு ஒரு லாரி விறகு போயாக வேண்டும். தவறினால் இனி வேறு இடத்தில் வாங்கிக்கொள்வதாகச் சூளைக்காரர் சொல்லிவிட்டார். வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டுமே மிஞ்சியிருக்கிற ஒருவன், இடது கையால் கோடரி வீசி லாரியை நிரப்புவதென்றால் நடக்கிற காரியமா? நடக்காது என்று அவனிடம் சொல்லத்தான் அந்த வீட்டில் ஒருவருக்கும் வாயில்லை.

டீயை எடுத்துக்கொண்டு போனாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோடரி குறி தப்பி மண்ணில் இறங்கியது. அந்தக் கோபமெல்லாம் டம்ளர் மேல் திரும்பியது. ஒரே தட்டு! கொதிக்கிற டீ அவள் புறங்கையில் கொட்டியது.

"லாரி கெளம்பினதும் நீயும் கெளம்பு. உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு. என் கையத் தின்னவ மூஞ்சியில தெனமும் முழிக்க என்னால முடியாது."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, உருண்டு கிடந்த டம்ளரைக் குனிந்து எடுத்தாள். வாசற்படியில் நின்று மாமியார் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

திருப்பிக்கொள்ளாமல் என்ன செய்வாள்? அவன் கையைத் தின்றது இவள் இல்லை என்பது தெரிந்த மூன்று பேரில் அவளும் ஒருத்தி.

மெஷின் வாங்கியவன் சின்னவன். மோட்டாரைப் போட்டால் ஓர் இரும்புத் தண்டு கட்டையைத் தள்ளிக்கொண்டு போய் எதிரே நிற்கிற ஆப்பில் அழுத்தும். எப்பேர்ப்பட்ட கட்டையும் முனகிக்கொண்டே இரண்டாகும். ஓட்டுகிறவன் தன் கையை உள்ளே விட்டுவிடக் கூடாதென்று அதில் இரண்டு கைப்பிடி வைத்திருந்தார்கள். இரண்டு கையாலும் இரண்டையும் அழுத்தினால்தான் தண்டு நகரும். ஒன்றை விட்டாலும் நின்றுவிடும். சின்னவனுக்கோ ஒரு கை ஃபோனுக்கு வேண்டும். ஆகவே ஒரு கைப்பிடியைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டு, மற்றதை மட்டும் பிடித்துக்கொண்டு ஓட்டினான். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

பெரியவன் பிறந்ததிலிருந்து கோடரிக்காரன். பாதி பிளந்த கட்டை நார் பிடித்து நின்றால் கையை விட்டுப் பிய்த்து எடுப்பது அவர்கள் பழக்கம். கோடரி தன் கையிலேயே இருக்கும்போது பயமென்ன? அன்றைக்கு அவன் மெஷினின் அந்தப் பக்கமாக வந்தான். ஆப்புக்கு முன்னால் பிளந்த விறகு ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. கைப்பிடியில் நிற்பது யாரென்று இவனுக்குத் தெரியவில்லை, இவன் வந்தது சின்னவனுக்கும் தெரியவில்லை. நார் பிடித்து நின்ற கட்டை ஒன்று கண்ணில் பட்டது. பழக்கதோஷம், கையை விட்டான்.

விறகு பொறுக்கிக்கொண்டிருந்த அவள்தான் அதைப் பார்த்தாள். கத்திக்கொண்டே ஓடிப்போய்ப் பின்னாலிருந்து அவன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டி இழுத்தாள். மோட்டார் சத்தத்தில் கத்தியது யாருக்குக் கேட்கும்? சின்னவன் ஃபோனில் சிரித்துக்கொண்டே கைப்பிடியை அழுத்தினான். உயிர் மிஞ்சியது, மூன்று விரல் போயிற்று. அவன் மூர்ச்சையாகி அவள் மேலேயே சாய்ந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "தம்பிதான் செஞ்சான்னு தெரிஞ்சா இவன் கண் முழிச்சதும் அவன வெட்டிடுவான். ஒருத்தன் ஜெயிலுக்கு, ஒருத்தன் சுடுகாட்டுக்கு. நீ பொண்டாட்டி, ஒன்ன மன்னிச்சிடுவான். என் வயித்துல பாலை வாரு தாயி..."

கண் முழித்தவனிடம், மெஷினை ஓட்டியது நான்தான் என்று அவள் சொன்னாள். இடுப்பைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியவன் தம்பி என்று மாமியார் சேர்த்துச் சொன்னாள். அவன் மன்னிக்கவில்லை. போகட்டும், காலைப் பிடித்தவளாவது சும்மா இருந்தாளா? பொய் வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று, அக்கம்பக்கத்தார் காதுபட மருமகளைக் 'கை தின்ன மகராசி' என்று அவள்தான் முதலில் அழைத்தாள். அப்படிப்பட்ட வீட்டில்தான் இவள் இத்தனை நாளும் சோறு வடித்துப் போட்டாள்.

பொழுது ஏறியது. லாரி வந்து நின்றது. பெரியவன் பிளந்தது லாரியின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. சின்னவன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு மெஷின் மேல் மூடியிருந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டான். கம்பி அப்படியேதான் கட்டியிருந்தது. மோட்டார் உறுமியது.

பெரியவன் கோடரியோடு வந்தான். ஓங்கி மெஷினின் இரும்புத் தகட்டில் ஒரு வெட்டு. பொறி பறந்தது. இன்னொரு வெட்டு. சின்னவன் மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடி வந்து அவன் மார்பில் கைவைத்துத் தள்ளினான்.

"ஒத்தக் கைய வச்சுக்கிட்டு வீட்டையே பட்டினி போடப் போறியாண்ணே?"

சொன்னவனுக்கே அந்த வார்த்தை அதிகம் என்று தெரிந்திருக்கும். அதற்குள் கோடரிக் காம்பு அவன் நெற்றியில் இறங்கிவிட்டது. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மூடியது. அவன் தடவித் தடவி ஒரு கட்டையை எடுத்து அண்ணன் தோளில் அடித்தான். எலும்பில் பட்ட சத்தம் லாரி டிரைவருக்கே கேட்டது. மனுஷன் வண்டியிலிருந்து இறங்கக்கூடப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணன் உதைத்த உதையில் தம்பி விறகுக் குவியலில் மல்லாந்து விழுந்தான். பெரியவன் கோடரியைத் திருப்பிப் பிடித்தான். இந்தத் தடவை காம்பு இல்லை, அலகு.

அவள் ஓடினாள். பின்னாலிருந்து அவன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டினாள். அன்றைக்குப் பிடித்த அதே பிடி... அதே இடத்தில் அவள் வளையல் அவன் விலாவில் அழுந்தியது.

தூக்கிய கோடரி தூக்கியபடியே நின்றது.

மயங்குவதற்கு முன்னால் கடைசியாக உடம்பு உணர்ந்ததை உடம்பு மறப்பதில்லை. அவன் மெதுவாகக் குனிந்து தன் வயிற்றைச் சுற்றியிருந்த அந்தக் கைகளைப் பார்த்தான். ஒன்றில் காலையில் டீ கொட்டிய கொப்புளம்.

"அன்னிக்கு என்னப் பிடிச்சு இழுத்தது... நீயா?"

அவள் பிடியை இன்னும் இறுக்கினாள்.

"ஒன் ரெண்டு கையும் என் இடுப்புல இருந்துச்சுன்னா, அங்க மெஷின ஓட்டினது யாரு?"

கீழே கிடந்தவன் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான். அதுவே பதிலாகிவிட்டது. மாமியார் ஓடிவந்து சின்னவன் மேல் விழுந்து மறைத்துக்கொண்டாள். நான்தான் பொய் சொல்ல வைத்தேன், நான்தான் அவள் பேரைக் கெடுத்தேன், வெட்டுவதானால் என்னை வெட்டு என்று மண்ணில் தலையை மோதிக்கொண்டாள். பெரியவனுக்குக் கண்கள் சிவந்துவிட்டன. கோடரி மறுபடி மேலே போயிற்று.

அவள் பிடியை விடாமலே பேசினாள்.

"வெட்டுங்க. ஆனா எனக்கு ஒரு பதில் சொல்லிட்டு வெட்டுங்க. நான்தான் செஞ்சேன்னு சொன்னேன். எப்படிடி ஆச்சுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? உங்கம்மா சொன்ன பொய்ய நான் சொன்னேன். ஊரே நம்பினாலும் நீங்க நம்பியிருக்கக் கூடாது. என்கூடப் படுத்து எந்திரிச்சவரு நீங்க. நான் செய்வேன்னு எப்படி நெனச்சீங்க?"

கோடரி அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவன் திரும்பினான். மிச்சமிருந்த இரண்டு விரலால் அவள் கொப்புளத்தைத் தொடப் போனான்.

அவள் ஓங்கி அறைந்தாள்.

மண்டி முழுக்கக் கேட்டது. அந்த வீட்டில் அவள் கை ஓங்கியது அதுதான் முதல் தடவை. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. அப்படியே மண்டியிட்டு அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி அழுதான். அவளுக்கும் அழுகை பீறிட்டு வந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

சின்னவன் எழுந்தான். ரத்தம் வழிய வழிய மெஷினிடம் போய்க் கம்பியை முறுக்கி முறுக்கி அறுத்து எறிந்தான். அண்ணியின் காலில் விழ வந்தான். அவள் நகர்ந்துகொண்டாள். "போய் மொதல்ல தையல் போட்டுட்டு வா. விழறதெல்லாம் அப்புறம்." மாமியாரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

லாரி காலியாகத்தான் நின்றது. பெரியவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதுவரை ஓட்டியறியாத அந்த மெஷினிடம் போனான். ஒரு கட்டையை வைத்தான். மோட்டாரைப் போட்டான். இடது கையால் ஒரு கைப்பிடியை அழுத்தினான். வலது கையின் இரண்டு விரலும் மற்றதைப் பிடிக்கப் பார்த்து வழுக்கின. தண்டு அசையவில்லை. மறுபடி பார்த்தான். அசையவில்லை. அவன் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தவன் போல அப்படியே நின்றான்.

அவள் அவனைக் கொஞ்ச நேரம் நிற்கவிட்டாள். நிற்கட்டும் என்றுதான் இருந்தது. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் அவன் வலப்பக்கம் நின்றாள். அந்தக் கைப்பிடியைத் தானே பிடித்தாள்.

"உள்ள யார் கையும் இல்லியே?" என்றான் அவன்.

"பாத்துட்டுத்தான் வந்தேன். அழுத்துங்க."