அகஸ்ரின் அண்ணையின் துவக்கு

கனடாவின் ஒஷாவா நகரத்தைத் தாண்டி அரை மணி நேரம் வடக்கே ஓடிய பிறகுதான் அகஸ்ரின் அண்ணை காரை நிறுத்தினார். 1994 நவம்பர், ஒரு சனிக்கிழமை மத்தியானம். யாரோ கைவிட்டுப்போன பண்ணை. மாட்டுக் கொட்டிலின் கூரை பாதி விழுந்திருந்தது. சுற்றிவர ஒரு சனம் இல்லை.

டிக்கியிலிருந்து கம்பளிச் சுருள் ஒன்றை எடுத்து அவிழ்த்தார். உள்ளே அவருடைய துவக்கு. மெஷின் ஷொப்பில் வேலை முடிந்தபின் களவாகச் செய்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழல். கீழேயுள்ள பிடியை ஒருமுறை இழுத்துத் தள்ளினால் இரண்டிலும் தோட்டா ஏறும். மான் வேட்டைக்குப் போகும் அந்த ஷொப்பின் வெள்ளைக்காரப் போர்மன் பார்த்து வாய்பிளக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

"நான் ரெண்டு தரம் சுட்டுப் பாத்திட்டன். நீயும் ஒருக்காச் சுடு, சீமோன்."

"மரத்திலை கட்டி, கயிறாலை இழுத்துப் பாப்பமே, அண்ணை?"

"என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்ல? கனடாவில் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் தன் ஜக்கெற்றைக் கழற்றி என் தோளில் போட்டவர் அவர். டோர்செட் பார்க் பகுதியில் தன் வீட்டிலேயே இடமும் தந்தவர். துவக்கை வாங்கிக்கொண்டேன்.

கொட்டிலுக்குள் நுழைந்தபோது பழைய வைக்கோல் மணத்தது. அதோடு கராம்பு மணமும்.

பொன்னம்பலம் அண்ணையின் நினைவு வந்தது. எங்களோடு அதே வீட்டில் இருந்தவர். பல்வலிக்கு எந்நேரமும் கராம்பு கடிப்பார். போன வருடம் அவருடைய அகதிக் கேஸ் தோற்றது; அடுத்த கிழமை ஆளைக் காணவில்லை. மொன்றியலுக்கு ஓடிவிட்டான் என்றார் அகஸ்ரின் அண்ணை. கேஸ் தோற்றவன் காணாமற் போனால் யார் பொலிசுக்குப் போவது? கொழும்பிலிருந்த அவருடைய மனைவி ரதியக்காவுக்கும் நான்தான் அதையே போனில் சொன்னேன்.

துவக்கைத் தோளில் வைத்தேன். அகஸ்ரின் அண்ணை பின்னால் போனார். இன்னும் பின்னால். கடைசியில் சீமெந்துச் சுவருக்கு அப்பால் போய் நின்றுகொண்டார்.

"ம், சுடு!"

பிடியை இழுத்தேன். உள்ளே இரும்பு உரசியது.

என் இடக்கைக்கு மேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது.

ஐஸ் குளிர். அதில் மூன்று விரல்கள்தான் இருந்தன.

"சீமோன்... சுடாதை."

காதுக்குள் கராம்பு மணத்த மூச்சு.

எப்படித் துவக்கை இறக்கினேனோ தெரியாது. சுவர்ப்பக்கம் திரும்பி, "அண்ணை, நீங்கள் சுடுங்கோ" என்றேன்.

"நான் ரெண்டு தரம் சுட்டனான் எண்டு சொன்னன்தானே."

"அப்ப மூண்டாந்தரமும் சுடுங்கோ."

அவர் வரவில்லை. சுவரோரமாக எட்டிப் பார்த்தவருடைய பார்வை எனக்குப் பக்கத்தில் வெறும் இடத்தில் நிலைகுத்தி நின்றது.

"பொன்னம்பலம்... வேணுமெண்டு செய்யேல்லையடா. குழல் வெடிக்குமெண்டு எனக்குத் தெரியாது."

"இப்ப?" என்றேன் நான். "இப்ப தெரியும்தானே, அண்ணை?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. போன கிழமை என்னுடைய கேஸும் தோற்றிருந்தது. அந்தக் கடிதத்தை அவர் ஒருவருக்குத்தான் காட்டினேன். "ஒருத்தருக்கும் மூச்சு விடாதை" என்று சொல்லி என் தலையைத் தடவினார், பாவி. நானும் காணாமற் போனால் யாரும் தேடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டபடிதான் தடவியிருக்கிறார். துவக்கைப் பார்த்ததைவிட அந்த மனிதரைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மெயின் ரோட்டுப் பெற்றோல் நிலையம் வரை ஓடினேன். என்னை நாடு கடத்தினாலும் பரவாயில்லை என்று பொலிசுக்குப் போன் எடுத்தேன். அகஸ்ரினைக் கொண்டுபோனார்கள். கொட்டிலின் நிலத்தைத் தோண்டிப் பொன்னம்பலம் அண்ணையையும் எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அகஸ்ரினின் ஆளில்லாத வீட்டில் இருந்து, கொழும்பில் ரதியக்கா தங்கியிருந்த வெள்ளவத்தை லொட்ஜுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, ஒரு விசயம் சொல்லோணும்..."

ரதியக்கா சிரித்தார். "தெரியும் தம்பி. அவர் இப்பதான் என்னோடை கதைச்சவர்."

"ஆர் அக்கா?"

"வேறை ஆர்? ஒரு வருசத்துக்குப் பிறகு குரலைக் கேட்டன். சீமோன் எடுத்து நான் செத்திட்டன் எண்டு சொல்லுவான், நம்பாதை எண்டவர். முந்தியும் உனக்குப் பொய் சொன்னவன்தானே எண்டவர்."

ரிசீவரைக் காதோடு அழுத்தினேன்.

"ஏன் தம்பி பேசாமல் நிக்கிறாய்? உனக்குப் பக்கத்திலைதான் நிக்கிறாராம். குடு, கதைப்பம்."

என் கையிலிருந்த ரிசீவரை யாரோ மெதுவாக வாங்கினார்கள்.