பொன் பீரங்கியும் ஒன்பது நாற்காலிகளும்

பெற்றோர் சங்கத்தின் செயலாளர் எதையும் சின்னதாகச் செய்ய மாட்டார். பள்ளிக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தபோதுகூட, கடிகாரத்தைவிடப் பெரிதாகத் தன் பெயர்ப் பலகையை அதன்கீழ் மாட்டினார். மணி பார்க்க வந்தவர்கள் அவர் பெயரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இந்த வருஷ விளையாட்டு விழாவுக்கு அவர் ஒரு பீரங்கி செய்திருந்தார்.

ஆளைவிட நீளமான, பருமனான பிளாஸ்டிக் பைப். உள்ளே காற்றை அடைத்துக் கயிற்றை இழுத்தால், வண்ணக் காகிதத் துண்டுகள் வானத்துக்குப் பறக்குமாம். தலை முதல் கால் வரை பளபளவென்று தங்க நிறப் பெயின்ட் அடித்திருந்தார். ஒரு வாளி பெயின்ட் அதற்கே சரியாகப் போயிற்று.

அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்து காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஆணி மட்டும் தட்டவில்லை.

ஆணி ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு வேறு பெயர் இருக்கிறது, ஆனால் அது வருகைப் பதிவேட்டில் மட்டும்தான். ஓரிடத்தில் நின்றுவிட்டால் பிடுங்க முடியாது என்பதால் வீட்டில் வைத்த பெயர் ஆணி.

அவள் அம்மா பிளம்பர். விடுமுறை நாட்களில் ஆணியும் கூடப் போய் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிப்பாள். மற்ற பிள்ளைகள் கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டிய வயதில், ஆணி பைப்புகளைப் பார்த்து எழுத்துக் கூட்டினாள். பைப்பின் முதுகில் ஒரு வரி அச்சடித்திருப்பார்கள். அது எதற்கான பைப், எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

“சார், பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி இந்தப் பைப்புல என்ன எழுதியிருந்துச்சு?” என்று கேட்டாள்.

“எழுதியிருந்துச்சா? இது பைப்பும்மா. பாடப் புத்தகம் இல்ல.”

“எவ்வளவு காத்து அடைப்பீங்க?”

“காத்து மீட்டர்ல முள்ளு ஆறுல நிக்கும். டயர் கடையிலேருந்து மெஷினே வருது.”

“பைப் தாங்காம வெடிச்சுட்டா?”

“நூத்துக்கு நூறு பாதுகாப்பு.”

“அப்ப கயிறு ஏன் சார் இவ்வளவு நீளம்?”

கயிறு பன்னிரண்டு மீட்டர் இருந்தது. செயலாளர் அதைத் தடவிக் கொடுத்தார். “அது ஒரு கம்பீரத்துக்கு.”

சுவரில் யார் எங்கே உட்கார வேண்டும் என்ற வரைபடம் ஒட்டியிருந்தது. சங்கத்தாரின் ஒன்பது நாற்காலிகள் பந்தலுக்குள், பீரங்கியிலிருந்து முப்பது காலடி தள்ளி. ஒன்றாம் வகுப்பின் பாய் இரண்டே எட்டில். குட்டிப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் புகைப்படம் அழகாக வருமாம்.

அந்தப் பாயின் முதல் வரிசையில்தான் ஆணியின் தம்பி உட்காருவான். முன்பற்கள் இரண்டும் விழுந்ததால் அவனுக்குப் பெயர் பொக்கை.

ஆணி நேராகத் தலைமையாசிரியையிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“செயலாளர் ஆசையா செஞ்சிருக்காரும்மா. அவர் மனசு நோகக் கூடாது. நாற்காலி போடறது உங்க வகுப்பு வேலைதானே? நீ அதை மட்டும் ஒழுங்காப் பாரு.”

“சரி டீச்சர்,” என்றாள் ஆணி.

அன்று மாலை அம்மா கையிலிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆணி எல்லாவற்றையும் சொன்னாள்.

“பைப்புக்குள்ள என்னடி? தண்ணியா, காத்தா?”

“காத்துமா.”

அம்மாவின் கை நின்றது.

ஆணிக்கும் அது தெரியும். தண்ணீரை அமுக்கினால் அமுங்காது. தண்ணீர் நிரம்பிய பைப் விரிசல் விட்டால் சுர்ரென்று ஒரு பீச்சு பீச்சிவிட்டு அடங்கிவிடும். காற்று அப்படியில்லை. அது அமுங்கி அமுங்கி உள்ளே உட்கார்ந்திருக்கும். விரிசல் கிடைத்தால் மொத்தமாகப் பாய்ந்து வரும், பிளாஸ்டிக்கைச் சில்லுச் சில்லாகச் சிதறடிக்கும். அம்மா புதிதாகப் போட்ட எந்தப் பைப்பையும் தண்ணீர் நிரப்பித்தான் சோதிப்பார். நல்ல தண்ணீர்ப் பைப்பில் போட்டிருக்கும் எண்கூடத் தண்ணீருக்குத்தான், காற்றுக்கு இல்லை.

“நான் வந்து பேசறேன்,” என்றார் அம்மா.

“நீ டெஸ்ட் பம்பு எடுத்துட்டு வாம்மா. பேசறத நான் பாத்துக்கறேன். நாளைக்கு ஒத்திகை. எனக்கு நாற்காலி வேலை இருக்கு.”

மறுநாள் ஒத்திகைக்குச் சங்கத்தார் ஒன்பது பேரும் வந்தார்கள். பந்தல் காலியாக இருந்தது. ஒன்பது நாற்காலிகளும் பீரங்கியைச் சுற்றி அரைவட்டமாக, இரண்டே எட்டில் போடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு. தலைவரின் நாற்காலி பீரங்கிக்கு மிக அருகில். ஒன்றாம் வகுப்பு முப்பது காலடி தள்ளிப் பந்தலில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தது.

“என் நாற்காலி ஏன் இங்க இருக்கு?” என்றார் தலைவர்.

“இங்க இருந்தா போட்டோ அழகா வருமாம் சார்,” என்றாள் ஆணி.

தலைவர் உட்கார்ந்தார். பீரங்கியைப் பார்த்தார். எழுந்தார். “ஏம்ப்பா செயலாளர், இது வெடிக்காதே?”

“நூத்துக்கு நூறு பாதுகாப்பு, தலைவரே.”

“அப்ப நீங்க என் இடத்துல உக்காருங்க.”

“நான் கயிறு இழுக்கணுமே,” என்று செயலாளர் பன்னிரண்டாவது மீட்டரை நோக்கி நடந்தார்.

பொருளாளருக்குத் திடீரென்று வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. துணைத் தலைவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒருவருக்கு ஒலிக்காத போனில் அழைப்பு வந்தது. ஐந்து நிமிடத்தில் ஒன்பது நாற்காலிகளும் காலி.

ஆணி சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்து எடுத்தாள். “அப்ப பழையபடி ஒண்ணாம் வகுப்பையே இங்க உக்கார வெச்சிடட்டுமா சார்?”

சங்கத்தார் பந்தலைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கிருந்து பொக்கை அக்காவைப் பார்த்துக் கையசைத்தான்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “இந்தப் பெயின்ட்டுக்கு அடியில என்ன எழுதியிருக்கு?”

ஆணியின் பையில் உப்புக் காகிதம் தயாராக இருந்தது. தேய்த்தாள். பொன் உதிர்ந்தது. முதலில் ‘க’ வந்தது, பிறகு ‘ழி’. மேடையில் பேசும் அதே குரலில் தலைவர் உரக்கப் படித்தார்.

“கழிவு நீருக்கு மட்டும்.”

பெரியவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். ஒன்றாம் வகுப்பு அடக்கவில்லை.

“எழுத்துல என்ன இருக்கு?” செயலாளர் பைப்பைத் தட்டிக் காட்டினார். “கல்லு மாதிரி இருக்கு பாருங்க.”

“சரி சார், சோதிச்சுடலாம்,” என்றாள் ஆணி. “ஆனா காத்துல இல்ல. தண்ணியில.”

அம்மா பேசாமல் முன்னால் வந்தார். பைப்பின் வாயை அடைத்தார். உள்ளே துளிக் காற்றும் இல்லாமல் தண்ணீர் நிரப்பினார். டெஸ்ட் பம்பை மாட்டி, எல்லோரையும் நன்றாகப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். செயலாளர் மட்டும் மற்றவர்களைவிட ஓர் எட்டு முன்னால் நின்றார். அதுவும் கம்பீரத்துக்குத்தான்.

பீரங்கியையும் பம்பையும் இணைத்த நீளக் குழாயின் மறுமுனையில் நின்று ஆணி பம்பின் கைப்பிடியை அழுத்தினாள். முள் ஒன்றுக்கு வந்தது. இரண்டு. கை வலித்தது. விடவில்லை. மூன்றை முள் தொடவில்லை, அதற்குள் ‘டப்’.

தண்ணீர் நீளமாகப் பீச்சியது. செயலாளரின் இஸ்திரி கலையாத கால்சட்டை முழங்கால் வரை நனைந்தது. அவ்வளவுதான். பீரங்கி அடங்கிவிட்டது.

அம்மா விரிசலைத் திருப்பிக் காட்டினார். ஒரு முழ நீளம். உடைந்த ஓரம் கத்தி மாதிரி இருந்தது.

“இது தண்ணி,” என்றாள் ஆணி. “நாளைக்குக் காத்து இருந்திருக்கும். ரெண்டு மடங்கு அழுத்தத்துல.”

செயலாளர் அந்த ஓரத்தைப் பார்த்தார். பிறகு பந்தலில் கால் ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் குரல் சின்னதாக வந்தது.

“அப்ப காகிதம் எப்படிம்மா பறக்கும்?”

ஆணி அதையும் யோசித்து வைத்திருந்தாள். “உங்க பெயின்ட் வாளி காலிதானே சார்? குடுங்க.”

வாளியின் அடியில் உள்ளங்கை அளவு ஓட்டை போட்டாள். அதன் வாயில் பழைய மழைக்கோட்டுத் துணியை இழுத்துக் கட்டினாள். ஓட்டை வழியாகக் காகிதத் துண்டுகளைப் போட்டுத் துணியை ஓங்கித் தட்டினாள். புஸ்ஸென்று காற்று கிளம்பியது, காகிதங்கள் செயலாளரின் தலையில் இறங்கின.

“இதுல காத்த அடைச்சு வைக்கவே வேண்டாம் சார். தட்டும்போது மட்டும் வரும், போயிடும்.”

மறுநாள் விழாவில் அந்த வாளி மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. செயலாளர் அதில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்: ‘அளவு: ஒரே ஒரு தட்டு.’ அதைவிடப் பெரிய எழுத்தில் தன் பெயரையும்.

தட்டும் பொறுப்பு பொக்கைக்கு. தலைவர் மைக்கின் முன் வந்து, பதினொரு பக்க உரையைப் பிரித்துத் தொண்டையைச் செருமினார். அதுதான் அடையாளம் என்று நினைத்து, பொக்கை இரண்டு கைகளாலும் ஓங்கித் தட்டினான்.

வண்ணக் காகிதங்கள் பறந்தன. கூடவே தலைவரின் உரையும் பறந்தது. கையில் மிஞ்சியது ஒரே ஒரு பக்கம். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் படித்தார்.

“இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன். நன்றி.”

அந்தப் பள்ளியில் அதுவரை யாருக்கும் கிடைக்காத கைதட்டல் கிடைத்தது.

அடுத்துப் பேசச் செயலாளர் எழுந்தார். அவர் கையில் இருபது பக்கம்.

“அக்கா,” என்றான் பொக்கை வாளியை அணைத்தபடி, “இன்னொரு தட்டு தட்டட்டுமா?”

ஆணிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வாளியின் முதுகைக் காட்டினாள்.

“ஒண்ணுதான்னு எழுதியிருக்குடா. படி.”