வேறொருவர் பயன்பாட்டில்

செத்துப்போனவளின் மெயில் ஃபைலில் இன்றைய தேதி போட்டிருந்தது.

ரூத் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது சில சமயம் தேதி குழம்பும். காலேஜ் ஆபீஸில் வாத்தியார்களின் பழைய மெயில் மூட்டைகளைப் புது இடத்துக்குக் கொண்டுவந்து திறந்து கொடுப்பதுதான் அவள் வேலையில் பாதி. எரிச்சல் தேதியில் இல்லை, ஃபைலின் பெயரில் இருந்தது. 'ஆஷ்லின்.' வைக்க வேறு பெயரே கிடைக்கவில்லையாக்கும்.

ஆஷ்லின், ரூத்தின் கணவர் ஜெய்சனின் முதல் மனைவி. காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் நினைவு நாள் ஜெபக் கூட்டம். அவள் மஸ்கட்டில் நர்ஸாக இருந்தபோது மெயிலில் அனுப்பிய ஒரு படத்தைத்தான் நோட்டீஸில் போட வேண்டுமென்று ஜெய்சன் ஒற்றைக்காலில் நின்றார். மத்தியானம் அச்சகத்துக்குக் கிளம்பும்போது, தானும் முட்டிப் பார்த்துவிட்டதாகவும் திறக்கவில்லை என்றும் உனக்குத்தான் இதெல்லாம் கைவந்த வேலையாயிற்றே என்றும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

நோட்டீஸின் அடியில் 'துயரத்துடன்' என்று போட்டு, அவர் பெயருக்குப் பக்கத்தில் இவள் பெயரையும் அடிப்பார்கள். அதுதான் வழக்கம். எவளுக்காக இவள் துயரப்படுவது? கட்டிவந்து இரண்டு வருஷமாகிறது. ஜெய்சன் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் ஆஷ்லின் பேச்சு வந்தால் அவர் முகம் இளகும். அந்த இளக்கம் ஒருநாளும் இவள் பக்கம் திரும்பியதில்லை. ஒரே ஒரு தடவை தன்னை அப்படிப் பார்த்துவிட்டால் போதும் என்று ரூத் ஏங்கிக் கிடந்தாள். வெளியில் சொன்னால் வெட்கக்கேடு.

ஃபைலைத் திறந்தாள். திரையில் வந்து நின்றது: 'இந்த ஃபைல் வேறொருவர் பயன்பாட்டில் உள்ளது. அவர் மூடிய பிறகு முயலவும்.'

வழக்கமாக வருகிற செய்திதான். மெயில் புரோகிராம் சரியாக மூடாமல் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தால் இப்படிச் சொல்லும். ரூத் அதைத் தேடிப் பிடித்து நிறுத்தினாள். லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். ஃபைலை லேப்டாப்பிலேயே வேறு ஃபோல்டருக்கு மாற்றினாள். ஃபைல் வந்த பென்டிரைவைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள். கடைசியில் வைஃபையையும் நிறுத்தினாள். இனி இந்த லேப்டாப்பில் இவளைத் தவிர யாரும் கைவைக்க வழியில்லை.

'வேறொருவர் பயன்பாட்டில் உள்ளது.'

"எவடி அந்த வேறொருத்தி?" என்று வாய்விட்டே கேட்டாள்.

சாயங்காலமாகுமுன்பே அரசரடிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் அடிக்கிற புழுதிக் காற்றில் ஜன்னல் கொக்கி தட்டிக்கொண்டே இருக்க, தெருவில் காய்ந்த துணிகளை எடுக்க ஓடுகிறவர்களின் சத்தமும் மெயின் ரோட்டில் திருமங்கலம் பஸ்ஸின் நீண்ட ஹாரனும் கலந்து வந்து, சட்டென்று கரண்ட் போனதும் ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஒன்றாக அடங்கி வீடு முழுக்க ஒரு அமைதி இறங்கியது. அந்த அமைதியில் படுக்கையறைப் பக்கமிருந்து ஆஸ்பத்திரி லோஷன் வாடை மெல்ல வந்தது. பக்கத்து வீட்டில் தரை துடைக்கிறார்கள் போல என்று ரூத் நினைத்துக்கொண்டாள்.

பேட்டரி வெளிச்சத்தில் ஃபைலை மறுபடி பார்த்தாள். அளவு கூடியிருந்தது. திறக்கவே முடியாத ஃபைல் எப்படிக் கூடும்? தேதிக்குப் பக்கத்தில் நேரத்தைப் பார்த்தாள். இந்த நிமிஷம். கண்ணெதிரே அது அடுத்த நிமிஷமாக மாறியது.

அங்கேயே விட்டிருக்கலாம். திறக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் ஜெய்சன் நம்பியிருப்பார், அந்தப் படம் இல்லாமலே நோட்டீஸும் அடித்திருப்பார்கள். ஆனால் மனசு கேட்க வேண்டுமே. அப்படி என்னதான் எழுதியிருப்பாள்? எந்த வார்த்தை போட்டு அந்த மனுஷனை இன்னமும் முடிந்து வைத்திருக்கிறாள்? படம் கிடக்கட்டும். அதைப் படிக்காமல் ரூத்துக்கு இன்று சோறு இறங்காது.

பழுது பார்க்கும் புரோகிராமை ஓடவிட்டாள். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து கடைசிக்குப் போனது. ஃபைல் திறந்துகொண்டது.

வந்த மெயில் ஒன்றும் இல்லை. போன மெயிலும் இல்லை. அனுப்பாமல் எழுதி வைத்தவை மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாம் ஜெய்சனுக்கு. எல்லாவற்றிலும் முதல் வார்த்தை 'ஜெய்'. கல்யாணமான புதிதில் ரூத் ஒரு தடவை ஆசையாக அப்படிக் கூப்பிட்டதற்கு, அது வேண்டாமே என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வயிறு எரிய, கைக்கு வந்த ஒன்றைத் திறந்தாள்.

'ஜெய், இங்க ரொம்ப இருட்டா இருக்கு. எழுதுற எதுவும் உனக்கு வந்து சேர மாட்டேங்குது.'

எழுதிய தேதியைப் பார்த்தாள். ஆஷ்லினை அடக்கம் செய்த மறுநாள்.

விரல் நின்றுவிட்டது. இருந்தும் இன்னொன்றைத் திறந்தாள்.

'ஜெய், யாரோ தோசைக்கல்லைத் தேய்க்கிற சத்தம் கேக்குது. அது என் கல்லு.'

லோஷன் வாடை நெருங்கி வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து இல்லை. ரூத் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பட்டியலின் உச்சியில் இன்றைக்கு எழுதியது இருந்தது.

'ஜெய், நீ முட்டிப் பாத்தியே, கேட்டுச்சு. உன்னால முடியாது. அவகிட்ட குடு. அவளுக்கு என்மேல அம்புட்டுப் பொறாமை. பொறாமைக்காரி பாதியில விட மாட்டா. அவ திறந்துருவா.'

மூடு என்ற இடத்தில் அழுத்தினாள். மூடவில்லை. மறுபடி அழுத்தினாள்.

பட்டியலில் ஒரு மெயில் மறைந்தது. இன்னொன்று. பத்து. ஐம்பது. மேலிருந்து கீழே மளமளவென்று.

காலி.

ஃபைல் தானாக மூடிக்கொண்டது. ரூத் மறுபடி அதைத் தொட்டாள். உடனே திறந்தது. எந்தச் செய்தியும் இல்லை. யாரும் பயன்படுத்தவில்லை. உள்ளே யாரும் இல்லை.

வாசலில் கேட் கிறீச்சிட்டது. ஜெய்சன். மழையில் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார். ரூத் எழுந்து நின்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் இளகியது.

இரண்டு வருஷமாக அவள் தவம் கிடந்த பார்வை. பயமெல்லாம் ஒரு நொடி மறந்து போனது. எனக்குத்தான், எனக்கேதான் என்று அவள் கண் நிறைந்தது.

அப்புறம்தான் கவனித்தாள். அவர் கண் அவள் கண்ணில் இல்லை. கொஞ்சம் தள்ளி. கொஞ்சம் மேலே. ஆஷ்லின் இவளைவிட உயரம்.

அவர் கிட்டே வந்தார். கையை நீட்டினார். அந்தக் கை ரூத்தின் கன்னத்தைத் தொடாமல், காதைத் தாண்டிப் போய், பின்னால் எதையோ மெதுவாக வருடியது.

"இம்புட்டு நாளா உள்ளயேவா கிடந்த?" என்றார்.

உயிர் போகிற பயத்திலும் அந்தக் கை தன்மேல் படவில்லையே என்றுதான் ரூத்துக்கு வயிறு எரிந்தது.

அவளுடைய தோளில், பின்னாலிருந்து, ஒரு குளிர்ந்த மோவாய் வந்து உட்கார்ந்தது.