தங்கம்மாள் விட்ட பத்தி

டயரின் பள்ளத்தில் ஒரு நாற்று நின்றது. வலங்கைமானில் டீ குடிக்க இறங்கியபோதே வெங்கட்ராகவன் அதைப் பிடுங்கி எறிந்திருந்தான். இப்போது மதகடியில் வண்டியை நிறுத்தினால் அதே இடத்தில், சக்கரத்தின் உச்சியில், நிமிர்ந்து நின்றது. சென்னையிலிருந்து இதுவரை தார் ரோடுதான்.

மறுபடி பிடுங்கினான். விரலில் சேற்று வாடை ஒட்டியது.

பாலம் வேலைக்காக ரோட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிப் போனால் ஒரு மணி நேரம். கோயிலில் தீபாராதனைக்குக் குடும்பமே காத்திருந்தது. இடப்பக்கம் புதிதாக நட்ட வயல். அதன் நடுவே மட்டும் நடாத ஒரு பத்தி, வண்டி அகலத்துக்கு, எதிர்ப்புறத் தார் ரோடு வரை நேராகக் கிடந்தது.

வரப்பில் காளியம்மாள் உட்கார்ந்திருந்தாள். தங்கம்மாளின் தங்கை.

"ஏம்மா, நடுவுல ஏன் நடல?"

"அக்கா பத்தி, சின்னய்யா. அவ முடிக்காம விட்டது. அதுல வேற யாரும் கை வைக்க மாட்டோம்."

"இப்படி எறங்கி அந்தப் பக்கம் ஏறிடலாமா?"

"போன வருஷம் யாரைக் கேட்டு எறங்குனீங்க?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "அது பழைய டயர். இது கல்லு, மணல், சேறு எல்லாத்துக்கும்."

"அப்பறம் என்ன? போங்க." காலை மடக்கி வழி விட்டாள்.

தாத்தா காலத்தில் அவன் குடும்பத்து நிலம். இப்போது காளியம்மாள் வீட்டாருடையது. போன ஐப்பசியில் நண்பர்களுக்கு வண்டியைக் காட்ட, உழுது வைத்த சேற்றில் இறக்கிச் சுழற்றினான். நடவாட்கள் குனிந்தபடி பின்னோக்கி வருவார்கள். வரப்பை எட்டும் வரை நிமிர மாட்டார்கள். அது அவனுக்குத் தெரியும். தங்கம்மாள் அப்படித்தான் வந்துகொண்டிருந்தாள். ஹாரன் அடித்தான். ஒதுங்குவாள் என்று நினைத்தான். ஒதுங்கட்டும் என்றும் நினைத்தான். பிரேக்கில் கால் வைக்கவில்லை. மயங்கிச் சேற்றில் விழுந்து செத்ததாக எல்லோரிடமும் சொன்னான். வீடியோவை அழித்தான். டயரை மாற்றினான்.

வண்டி இறங்கியது. பாதி வயல் வரை உறுமிக்கொண்டு போனது, பிறகு களிமண் டயரின் பள்ளங்களையெல்லாம் வழித்து மெழுகிவிட, நான்கு சக்கரமும் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழன்றன. ஏசி வழியே அழுகிய வைக்கோல் நெடி வந்தது, மழை கூரையில் விழுந்தது, அந்தி கண்ணாடிகளில் பழுப்பாக இறங்கியது.

எஞ்சின் நின்றது.

அப்போதுதான் கேட்டது. சளக். சற்று விட்டு, சளக். நாற்றைச் சேற்றில் ஊன்றும் சத்தம். பின்னாலிருந்து.

ரிவர்ஸ் போட்டான். திரையில் கேமரா விழித்தது. அவன் வந்த தடத்தின் மேல் வரிசையாக நாற்று. அதற்கு இப்பால் குனிந்த ஒரு முதுகு. பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. முதுகின் குறுக்கே டயர் தடம்.

பழைய டயர்.

சென்சார் கத்தியது. பீப். பீப்.

கதவைத் தள்ளினான். சேறு திருப்பித் தள்ளியது. கண்ணாடியை இறக்கினான். பாதியில் நின்றது.

"காளியம்மா! ட்ராக்டர் கூப்பிடு! ஆள் யாரையாவது கூப்பிடு!"

அவள் எழுந்தாள். பக்கத்தில் கட்டி வைத்திருந்த நாற்று முடி ஒன்றை எடுத்து வண்டிக்குப் பின்னால் வீசினாள். யாரோ கேட்டது போல.

"ஹாரன் அடிங்க, சின்னய்யா. ஒதுங்குறாளா பாருங்க."

அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான்.

சளக். சளக்.

பீப் ஒரே சத்தமாக நீண்டது. திரை இருண்டது. பீப்பும் நின்றது.

மழை மட்டும்.

பிறகு வண்டிக்கு அடியில். சளக். பின் சீட்டுக்குக் கீழே. சளக். அவன் சீட்டுக்குக் கீழே.

காலடி விரிப்பு மெல்ல எழும்பியது. ஓரத்தில் சேறு கசிந்தது. அதிலிருந்து ஒரு கை. நீரில் ஊறி வெளுத்தது. கட்டைவிரலுக்கும் இரு விரலுக்கும் நடுவில் மூன்று நாற்று.

கை அவன் பாதத்தைத் தடவி இடம் பார்த்தது. ஊன்றியது. அலறினான். வரப்பில் காளியம்மாள் அசையவில்லை.

ஒரு சாண் மேலே, முழங்காலுக்குக் கீழே, விரல்கள் அடுத்த குத்துக்கு இடம் தடவின.